சிறைக்குச் சொந்தமான வலிப்பு

நோயோடு யாரும் சிறையை விட்டு வெளியே போகக் கூடாது என்று ஒரு நல்ல மனிதர் எப்போதோ ஒரு கூட்டத்தில் பேசிவிட்டார். பேசியவர் மனதில் இருந்தது, கைதிகளுக்கு உள்ளேயே ஒழுங்காக வைத்தியம் பார்க்க வேண்டும் என்பதுதான். ஆனால் மனதில் இருந்ததை யாரும் குறித்துக்கொள்ளவில்லை. வாயிலிருந்து வந்ததைத்தான் குறித்துக்கொண்டார்கள். அது ஆணையாகி, விதியாகி, படிவமாகி, படிவம் நான்கு நகலாகி, கடைசியில் பெயிண்டர் விடுதலையாகிற நாளன்று அவன் முன்னால் ஒரு மேசைமேல் வந்து உட்கார்ந்துகொண்டது.

பெயிண்டர் மூன்று வருஷம் உள்ளே இருந்தவன். ஒரு கைகலப்பு, எதிராளியின் கை உடைந்துவிட்டது. தப்பு யார்மேல் என்று ஆராய நமக்கு நேரமில்லை. வழக்கை விசாரித்தவருக்கும் இருக்கவில்லை. உள்ளே போகும்போது அவன் திடகாத்திரமான ஆள். உயர ஏணியின் உச்சியில் ஒரு கையால் பிடித்துக்கொண்டு, மறுகையால் ஜன்னல் விளிம்பில் கோடு பிசகாமல் இழுப்பான். இரண்டாம் வருஷம், சிறந்த சிறைக்கான கேடயத்துக்குத் தேர்வுக்குழு வருகிறது என்று சுற்றுச்சுவர் முழுக்க இரண்டே நாளில் வெள்ளையடிக்கச் சொன்னார்கள். இருந்தது ஒரே ஏணி, அதற்கும் ஒரு கால் ஆட்டம். பெயிண்டர் மேலேயிருந்து தலைகீழாக விழுந்தான். சிறைக்குக் கேடயம் கிடைத்தது, அவனுக்கு வலிப்பு கிடைத்தது.

அதற்குப் பிறகு அவனைக் கண்ணும் கருத்துமாகப் பார்த்துக்கொண்டவர் சிறை மருத்துவமனைக் கம்பவுண்டர். காலையில் ஒன்று, மாலையில் ஒன்று, தன் கையாலேயே மாத்திரை கொடுப்பார். விழுங்கியதும் வாயைத் திறக்கச் சொல்லி, நாக்கைத் தூக்கச் சொல்லி, அடியில் ஒளித்து வைத்திருக்கிறானா என்று டார்ச் அடித்துப் பார்ப்பார். “ஒரு வேளைகூட விடக் கூடாது தம்பி. திடீர்னு நிறுத்தினா உயிருக்கே ஆபத்து. ஆயுசுக்கும் போடணும், ஞாபகம் வெச்சுக்கோ” என்பார். ஒன்றரை வருஷம் இப்படி. பெற்றவர்கள்கூட இத்தனை தடவை தன் வாய்க்குள் எட்டிப் பார்த்திருக்க மாட்டார்கள் என்று பெயிண்டர் நினைத்துக்கொள்வான்.

விடுதலை நாளன்று படிவத்தை நீட்டியவரும் அதே கம்பவுண்டர்தான். பெயிண்டர் எழுத்துக்கூட்டிப் படித்தான்.

“என்ன சார் இது? எனக்கு எந்த நோயும் இல்லன்னு போட்டிருக்கு?”

“ஆமா தம்பி.”

“வலிப்பு இருக்கே சார். நீங்கதானே மாத்திரை குடுக்கிறீங்க?”

“இருக்கு. யாரு இல்லன்னா? ஆனா விதி என்ன சொல்லுது? நோயோட யாரையும் வெளிய விடக் கூடாது. குணமாகுற வரைக்கும் உள்ளயே வெச்சிருக்கணும். உனக்கு இது எப்ப குணமாகும்?”

“ஆயுசுக்கும் இருக்கும்னு நீங்கதானே சார் சொன்னீங்க?”

“அப்ப ஆயுசுக்கும் உள்ளயே இருக்கியா?”

பெயிண்டர் வாசல் பக்கம் பார்த்தான். கேட்டுக்கு வெளியே அக்கா வந்து காத்திருந்தாள். கம்பவுண்டர் அவன் தோளில் கைவைத்து, குரலைத் தாழ்த்தினார்.

“பேசாம கையெழுத்தப் போடு. நான் இருக்கேன்ல? வெளிய மீண்டோர் நல்வாழ்வு நடுவம்னு ஒண்ணு இருக்கு. நான் ஒரு வார்த்தை சொல்லி வெக்கிறேன். உன்ன ராஜா மாதிரி பாத்துப்பாங்க.”

பெயிண்டர் நான்கு நகலிலும் கையெழுத்துப் போட்டான். பிறகு ஒரு காவலர் அவனுடைய உடைமைப் பட்டியலை உரக்க வாசித்தார். கைக்கடிகாரம் ஒன்று, பெல்ட் ஒன்று, சீப்பு ஒன்று: உள்ளே கொண்டுவந்தது, திருப்பித் தரப்பட்டது. வலிப்பு ஒன்று: உள்ளே வந்தபோது இல்லை, சிறை வளாகத்தில் ஏற்பட்டது, ஆகவே சிறைக்குச் சொந்தம், வெளியே எடுத்துச்செல்ல அனுமதியில்லை, வளாகத்திலேயே விடப்பட்டது. அதற்கும் ஒரு கையெழுத்து வாங்கினார்கள். ஒன்றரை வருஷத்து மருத்துவக் கோப்பை அவன் கண்ணெதிரிலேயே நூல் கட்டி, அரக்கு வைத்து, அலமாரியில் பூட்டினார்கள். அப்புறம் எடை பார்த்தார்கள். ‘நலமாக வந்தேன், நலமாகச் செல்கிறேன்’ என்று எழுதிய துணிக்குக் கீழே நிற்கவைத்துப் போட்டோ எடுத்தார்கள். சுற்றி நின்றவர்கள் விதிப்படி மூன்று தடவை கைதட்டினார்கள். கூட்டம் கலைந்ததும் கம்பவுண்டர் ஒரு காகிதப் பொட்டலத்தை அவன் சட்டைப்பையில் திணித்தார். உள்ளே முப்பது மாத்திரைகள், பதினைந்து நாளைக்கு. பெயிண்டருக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது.

அக்கா வீட்டில் இரண்டு அறை. ஒன்றில் அக்காவும், பத்தாம் வகுப்புப் படிக்கிற அவள் மகளும். இன்னொன்றில் தையல் மெஷின், துணி மூட்டைகள், இனிமேல் பெயிண்டர். அத்தான் இறந்து ஆறு வருஷமாகிறது. தம்பி கப்பலில் பெயிண்ட் அடிக்கிற வேலைக்குப் போயிருக்கிறான் என்று அக்கா தெரு முழுக்கச் சொல்லி வைத்திருந்தாள். “மூணு வருஷம் கடல் வெயில்ல இருந்தவர் ஏன் இப்படி வெளுத்துப்போய் வந்திருக்கார்?” என்று எதிர்வீட்டுக்காரர் கேட்டார். கப்பலுக்கு உள்பக்கம்தான் பெயிண்ட் அடித்தான் என்று அக்கா சமாளித்தாள்.

மூன்றாம் நாள் பெயிண்டர் பக்கத்து ஆரோக்கிய நிலையத்துக்குப் போனான். அங்கிருந்த டாக்டர் பொறுமையாகத்தான் கேட்டார். மாத்திரையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். எங்கே பார்த்த வைத்தியம், பழைய சீட்டு எங்கே என்று கேட்டார். பெயிண்டர் தயங்கித் தயங்கி இடத்தைச் சொன்னதும் பேனாவை மூடிவிட்டார்.

“அங்கிருந்து வர்றவங்கள நாங்க தொடக் கூடாதுங்க. உங்களுக்குன்னே தனி நடுவம் கட்டியிருக்காங்க. நாங்க மருந்து எழுதினா அவங்க வேலையில தலையிட்டதா ஆயிடும்.”

“ஒரு மாசத்துக்கு மட்டும் எழுதிக் குடுங்க டாக்டர்.”

“எழுதலாம். அப்புறம் நான் விளக்கம் எழுதணும்” என்று டாக்டர் கைவிரித்துவிட்டார்.

மருந்துக்கடையில் இந்த மாத்திரையைச் சீட்டில்லாமல் தர மாட்டோம் என்றார்கள். தனியார் டாக்டர் ஒருவர் தலையைப் படமெடுத்துப் பார்த்துவிட்டுத்தான் சீட்டெழுதுவேன் என்றார். அந்தப் படத்துக்கு ஆகிற செலவில் அக்கா வீட்டுக்கு இன்னொரு அறையே கட்டலாம். ஆக, ஐந்தாம் நாள் அவன் நடுவத்துக்குப் போய்ச் சேர்ந்தான்.

மீண்டோர் நல்வாழ்வு நடுவம் பளிங்குபோல் இருந்தது. வாசலில் ஒரு பெண் அவனுக்கு வணக்கம் சொல்லி, ஒரு பூவைக் கொடுத்து, ஆழமாக மூச்சு இழுத்து விடச் சொன்னாள். எட்டு கவுண்டர்கள். முதல் கவுண்டரில் வரவேற்றார்கள். இரண்டாவதில், வரவேற்பு எப்படி இருந்தது என்று கேட்டு எழுதிக்கொண்டார்கள். மூன்றாவதில் சிரிக்கிற முகம், சும்மா இருக்கிற முகம், அழுகிற முகம் மூன்றையும் காட்டி, எது நீங்கள் என்று கேட்டார்கள். தன் முகம் அந்த மூன்றிலும் இல்லையே என்று அவன் யோசித்துக்கொண்டிருக்கும்போதே சிரிக்கிற முகத்தில் டிக் போட்டுவிட்டார்கள். இப்படி ஊர்ந்து ஊர்ந்து மதியம் ஏழாம் கவுண்டருக்கு வந்தான். மருந்து சம்பந்தமான கவுண்டர் அதுதான். அங்கிருந்த குமாஸ்தா கம்ப்யூட்டரைப் பார்த்து முகம் மலர்ந்தார்.

“வாழ்த்துக்கள் சார். உங்க நல்வாழ்வு மதிப்பெண் தொண்ணூத்தெட்டு.”

“எனக்கு வலிப்பு இருக்குங்க. மாத்திரை வேணும்.”

“மாத்திரை நாப்பதுக்குக் கீழ உள்ளவங்களுக்குத்தான் சார். நீங்க தொண்ணூத்தெட்டு. எனக்கே எழுபத்தொண்ணுதான்.”

“ஜெயில்ல ஒன்றரை வருஷமா வந்துக்கிட்டிருந்ததுங்க.”

“ஜெயில்ல வந்தது ஜெயிலோட சேர்ந்தது. அத அங்கயே விட்டுட்டு வந்ததா கையெழுத்துப் போட்டிருக்கீங்களே. வெளிய வந்தப்புறம் வந்துச்சா?”

“இல்லீங்க. மாத்திரை போட்டுக்கிட்டிருக்கேன், அதனால வரல.”

“அப்ப வரல.”

“மாத்திரை தீர்ந்துபோனா வந்துடுங்க.”

“வந்தா வந்து சொல்லுங்க சார், உடனே பதிவு பண்ணிடலாம்.”

“வரும்போது எனக்கு நெனவே இருக்காதுங்க.”

குமாஸ்தா கொஞ்சம் யோசித்தார். மனிதர் கெட்டவரில்லை. “அப்ப நெனவோட இருந்த ஒரு சாட்சியக் கூட்டிட்டு வாங்க” என்று வழி சொல்லிவிட்டு, எட்டாம் கவுண்டருக்கு அனுப்பினார். எட்டாம் கவுண்டரில் அவனிடமிருந்து பூவைத் திரும்ப வாங்கிக்கொண்டார்கள்.

கம்பவுண்டர் ஒரு வார்த்தை சொல்லி வைப்பதாகச் சொன்னாரே என்ற நம்பிக்கையில் பெயிண்டர் அடுத்த மூன்று நாளும் நடுவத்துக்கு நடையாய் நடந்தான். நான்காம் நாள் இயக்குநரே கூப்பிட்டார். வார்த்தை வந்துவிட்டது என்று பெயிண்டர் நினைத்தான். வரவில்லை. தினமும் வருகிற ஒரே ஆள் என்பதால், நடுவத்தின்மேல் இவ்வளவு பற்றுள்ளவர் யார் என்று பார்க்க ஆசைப்பட்டுக் கூப்பிட்டிருக்கிறார். அறை முழுக்கக் கண்ணாடி அலமாரிகள், அவற்றில் கேடயங்கள்.

“உக்காருங்க. இந்த அறை மொதல்ல மருந்து வைக்கிற அறையா இருந்துச்சு, தெரியுமா? கட்டும்போது அப்படித்தான் கட்டினாங்க. எவ்வளவு அவநம்பிக்கை பாருங்க! போன வருஷம் சிறையிலேர்ந்து நாலாயிரம் பேர் வெளிய வந்தாங்க. நாலாயிரம் பேர்ல ஒருத்தருக்காவது நோய் உண்டா? கிடையாது. காசநோய் இல்ல, சர்க்கரை இல்ல, மனசு சரியில்லாதவங்க ஒருத்தர்கூட இல்ல. இதே ஊர்ல, சிறைக்கே போகாதவங்கள எடுத்துக்கோங்க, வீட்டுக்கு ஒரு நோயாளி. நான் மேலிடத்துக்கு எழுதியிருக்கேன். பொதுமக்களோட ஆரோக்கியத்துக்கு நாம என்ன செய்யலாம், யோசிச்சுப் பாருங்கன்னு எழுதியிருக்கேன்.”

“எனக்கு வலிப்பு இருக்குங்க ஐயா.”

“சிலர் கேக்கறாங்க, வெளிய வந்த கொஞ்ச நாள்லயே செத்துப்போறாங்களேன்னு. நான் எதையும் மறைக்கிறவன் இல்ல. போன வருஷம் அறுபத்தேழு பேர் இறந்தாங்க. ஒவ்வொருத்தர் ஃபைலையும் நானே வரவழைச்சுப் பார்த்தேன். அறுபத்தேழு பேரும் பூரண ஆரோக்கியத்தோட இறந்திருக்காங்க. நோயில கெடந்து, இழுத்துக்கோ பறிச்சுக்கோன்னு ஒருத்தர்கூடப் போகல. இதவிட என்ன வேணும் சொல்லுங்க?”

பெயிண்டர் நாற்காலி நுனிக்கு நகர்ந்து, கையெடுத்துக் கும்பிட்டான்.

“ஐயா, மாத்திரை தீர்ந்துபோச்சுன்னா நான் அந்த அறுபத்தேழுல சேர்ந்துடுவேன்.”

“ச்சே ச்சே, அது போன வருஷத்துக் கணக்கு” என்று இயக்குநர் அவனைத் தேற்றினார். “இவ்வளவு சொல்றீங்க, நான் கல்நெஞ்சக்காரன் இல்ல. உங்களுக்கு வைத்தியம் பார்த்த கம்பவுண்டர் ஒரு வரி எழுதிக் குடுக்கட்டும், ‘இவருக்கு வலிப்பு உண்டு’ன்னு. நான் உடனே கையெழுத்துப் போடறேன்.”

பெயிண்டருக்கு உயிர் வந்தது. ஒரு வரிதானே. தினமும் நாக்குக்கடியில் டார்ச் அடித்துப் பார்த்த மனிதர் ஒரு வரி எழுதித் தர மாட்டாரா? மறுநாள் விடிந்ததும் சிறை வாசலுக்குப் போய்விட்டான். பத்து மணிக்கு மேல் கம்பவுண்டர் வெளியே வந்தார். சட்டைப்பையில் புதிதாக ஒரு பதக்கம் குத்தியிருந்தது.

“வாங்க. சொல்லுங்க, என்ன விஷயமா வந்தீங்க?” என்றார்.

ஒன்றரை வருஷமாக நீ, வா, போ என்று பேசியவர். அந்த மரியாதையிலேயே பெயிண்டருக்குப் பாதி பதில் கிடைத்துவிட்டது. இருந்தாலும் விஷயத்தைச் சொன்னான்.

“நீங்க நல்லாத்தானே இருக்கீங்க. கையெழுத்தும் போட்டிருக்கீங்க.”

“நீங்க சொன்னதாலதானே சார் போட்டேன்?”

“இங்க பாருங்க. உங்களுக்கு வலிப்பு இருந்ததுன்னு நான் எழுதினா என்ன அர்த்தம்? வலிப்போட உங்கள வெளிய விட்டேன்னு அர்த்தம். விதிய மீறினேன்னு ஆகும். எனக்கு இன்னும் ஏழு மாசம்தான் சர்வீஸ் இருக்கு. போன வாரம்தான் நூறு சதவீத நலன்னு இதக் குத்திவிட்டாங்க.” பதக்கத்தைத் தொட்டுக் காட்டினார்.

“என் ஃபைல் உள்ள இருக்கே சார். அதுல எல்லாம் எழுதியிருக்குமே.”

“பத்திரமா இருக்கு. ஆனா அத உள்ள இருக்கறவங்களுக்குத்தான் காட்ட முடியும். நீங்க இப்ப வெளியாள்.”

“அந்த முப்பது மாத்திரை? அத எதுக்குக் குடுத்தீங்க?”

கம்பவுண்டர் சுற்றுமுற்றும் பார்த்தார். “நான் எந்த மாத்திரையும் குடுக்கல” என்றார். சொல்லும்போது அவன் முகத்தைப் பார்க்கவில்லை. பிறகு கேட்டின் சின்னக் கதவுக்குள் குனிந்து போய்விட்டார். அது சாத்தப்பட்ட பிறகும் பெயிண்டர் அங்கேயே நின்றான். ஏணியிலிருந்து விழுந்ததை அவனால் மன்னிக்க முடிந்திருந்தது; மரம், ஆடியது, விழுந்தான். இதை என்ன செய்வதென்று தெரியவில்லை. அடித்தவர்கள், திட்டியவர்கள், காலால் தட்டை நகர்த்தியவர்கள் எத்தனையோ பேர் அந்தச் சுவருக்குள் உண்டு. அவர்களில் யாரும் அவனை ஏமாற்றவில்லை. தம்பி என்று கூப்பிட்ட ஒரே ஆள்தான் ஏமாற்றினார். போகிற வழியெல்லாம் அதையே நினைத்து, பொதுக்குழாயடியில் உட்கார்ந்து வாய்விட்டு அழுதான்.

வீட்டுக்கு வந்து எண்ணிப் பார்த்தபோது எட்டு மாத்திரைகள் மீதி இருந்தன. கத்தியால் ஒவ்வொன்றையும் பாதியாக வெட்டினான். பதினாறு பாதிகள், வேளைக்கு ஒன்று. வெட்டும்போது சிந்திய தூளையும் விரலில் தொட்டு நக்கிக்கொண்டான்.

நான்காம் நாள் திங்கட்கிழமை. அக்கா பள்ளிக்கூடச் சீருடைகளை வெட்டிக்கொண்டிருந்தாள். பெயிண்டர் தரையில் உட்கார்ந்து ஜன்னல் கம்பிகளுக்குத் துரு சுரண்டிக்கொண்டிருந்தான். திடீரென்று அவன் வாய் ஒரு பக்கம் கோணியது. உப்புத்தாள் கையிலிருந்து நழுவியது. உடம்பு விறைத்து வெட்டி இழுக்கத் தொடங்கியது. அக்கா கத்தரிக்கோலைப் போட்டுவிட்டு ஓடிவந்து, அவன் தலை தரையில் மோதாமல் தன் மடியில் தாங்கிக்கொண்டாள். அவன் நகங்கள் அவளுடைய இடது முன்கையில் நீளமாகக் கீறின. அவள் விடவில்லை. பள்ளிக்கூடத்துக்குக் கிளம்பிக்கொண்டிருந்த மகள், முதலுதவி வகுப்பில் படித்தபடி, மாமாவை ஒருக்களித்துப் படுக்கவைத்து, கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். நான்கு நிமிஷம்.

நினைவு திரும்பியபோது அக்கா அழுதுகொண்டிருந்தாள். நாக்கைக் கடித்து அவன் வாயெல்லாம் ரத்தம். பெயிண்டர் அவளைப் பார்த்தான், அவள் மகளைப் பார்த்தான். மெல்ல அவன் முகத்தில் ஒரு சிரிப்பு பரவியது. பைத்தியமே பிடித்துவிட்டது என்று அக்கா பயந்துபோனாள்.

“நீ பார்த்தியாக்கா?”

“பார்த்தேன்டா, பார்த்தேன். இப்படியா வரும் உனக்கு? என் ராசா...”

“நெனவோடதானே பார்த்த?”

உலகத்திலேயே வலிப்பு வந்ததற்குச் சந்தோஷப்பட்ட ஆள் அவன் ஒருவனாகத்தான் இருப்பான். வீங்கிய நாக்கோடு அன்று மதியமே நடுவத்துக்குப் போய் ஏழாம் கவுண்டரில் சொன்னான். குமாஸ்தாவுக்கும் சந்தோஷம்தான். சாட்சி குடும்பத்திலேயே இருப்பதால் அலைய வேண்டாம், கள ஆய்வாளர் வீட்டுக்கே வருவார், வியாழக்கிழமை காலை. வீட்டுப் பெரியவர் ஒரு வார்த்தை சொன்னால் போதும், அன்றைக்கே மாத்திரை என்றார். விசாரணை முழுக்க முழுக்க ரகசியமானது என்று எழுதிய ஒரு தாளையும் கொடுத்தார். அக்கா அதைப் படித்துவிட்டு, “வரட்டும்டா, நான் சொல்றேன். என் கையையே காட்டறேன்” என்றாள்.

வியாழக்கிழமை காலை அந்த ரகசிய விசாரணை தெருமுனையில் ஒரு வேனில் வந்து இறங்கியது. வேனின் இரண்டு பக்கமும் ‘சிறை மீண்டோரை நலமுடன் வரவேற்போம்’ என்று ஆள் உயர எழுத்து. வேன் தெருவுக்குள் திரும்ப முடியாததால் ஒலிபெருக்கியில் கூப்பிட்டார்கள். “சிறையிலிருந்து மீண்ட பெயிண்டர் வீடு எது? சிறையிலிருந்து மீண்ட பெயிண்டர்!”

எதிர்வீட்டுக்காரர் வெளியே வந்து, “இங்க கப்பல்லேர்ந்து வந்த பெயிண்டர் ஒருத்தர்தான் இருக்கார்” என்றார். பிறகு அவருக்கே எல்லாம் விளங்கிவிட்டது. ஐந்து நிமிஷத்தில் தெருவில் பாதிப்பேர் அக்கா வீட்டு ஜன்னலோரம் நின்றார்கள். கள ஆய்வாளர் உள்ளே வந்ததும், ரகசியம் என்பதால் கதவைச் சாத்தச் சொன்னார். ஜன்னலைப் பற்றி அவருடைய விதியில் ஒன்றும் இல்லை.

அக்கா சுவரோரமாக நின்றாள். முகத்தில் ரத்தமே இல்லை.

“நேரா கேள்விக்கு வந்துடறேம்மா” என்று ஆய்வாளர் படிவத்தை விரித்தார். “உங்க குடும்பத்தில வலிப்பு நோய் உண்டா?”

ஜன்னலில் பேச்சு நின்றுபோனது. அக்கா பதில் சொல்வதற்குள் மகள் முன்னால் வந்தாள்.

“மாமாவுக்குத் திங்கட்கிழமை காலையில வந்துச்சு சார். நான்தான் ஒருக்களிச்சுப் படுக்க வெச்சேன். நாலு நிமிஷம் இருந்துச்சு. கடிகாரத்தில பார்த்தேன்.”

“உனக்கு என்ன வயசும்மா?”

“பதினஞ்சு.”

“மைனர் சாட்சி செல்லாதும்மா. ஆனா ரொம்பத் தெளிவாப் பேசற, நல்லா வருவ” என்று பாராட்டிவிட்டு, ஆய்வாளர் ஒன்றும் எழுதாமல் அக்காவிடம் திரும்பினார். “நீங்க சொல்லுங்க. உண்டா?”

அக்கா ஜன்னலைப் பார்த்தாள். அங்கே இருந்த முகங்களை ஒவ்வொன்றாகப் பார்த்தாள். மகளைப் பார்த்தாள். தம்பியை மட்டும் பார்க்கவில்லை. இடது கையை மெதுவாக முதுகுக்குப் பின்னால் கொண்டுபோனாள்.

“எங்க குடும்பத்தில அப்படியெல்லாம் ஒண்ணும் கிடையாதுங்க.”

“உங்க தம்பிக்கு வலிப்பு வந்து நீங்க பார்த்ததில்ல?”

“இல்லீங்க.”

“திங்கட்கிழமை?”

“கால் தடுக்கி விழுந்தான்.”

“அம்மா!” என்று மகள் கத்தினாள். அக்கா அவள் தோளைப் பிடித்து உள்ளறைக்குள் தள்ளிக் கதவைச் சாத்தினாள்.

கம்பவுண்டர் கைவிட்டபோது பெயிண்டருக்கு அழுகையாவது வந்தது. இப்போது அதுவும் வரவில்லை. மூன்று நாளைக்கு முன்னால் தன் தலையைத் தாங்கிய மடி அது. ஒரு அன்னியன் பொய் சொன்னால், அவன் யாரோ என்று துப்பிவிட்டுப் போகலாம். இவளை எங்கே துப்புவது? கையைக் காட்டச் சொல்லுங்கள் என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும், கீறல் இன்னும் ஆறவில்லை. அவனுக்கு வாய் வரவில்லை.

ஆய்வாளருக்குப் பரம திருப்தி. “சிறைச் சான்றிதழ், உங்க கையெழுத்து, குடும்பச் சாட்சி, மூணும் ஒத்துப்போகுது. இவ்வளவு சுத்தமான ஃபைல் பார்த்து ரொம்ப நாளாச்சு” என்று பெயிண்டரின் கையைக் குலுக்கினார். நடுவத்தின் கோப்பு இத்துடன் முடிந்தது, இனி அவன் அங்கே வர வேண்டியதே இல்லை என்றார். போகும்போது வாசற்கதவில் ‘இந்த வீட்டில் ஒருவர் பூரண நலத்துடன் மீண்டிருக்கிறார்’ என்று ஒரு ஸ்டிக்கரை ஒட்டி, குமிழில்லாமல் உள்ளங்கையால் தேய்த்து விட்டார். எதிர்வீட்டுக்காரர் அதைச் சத்தமாகப் படித்தார். வேன் போனதும் கூட்டம் மெதுவாகக் கலைந்தது.

அக்கா தட்டில் சோறு போட்டுக்கொண்டு வந்து அவன் பக்கத்தில் வைத்தாள். அவன் தொடவில்லை. அவளும் துணி மூட்டைமேல் உட்கார்ந்துவிட்டாள்.

“என்னை நாலு வார்த்தை திட்டிடுடா. இப்படி உக்காந்திருக்காத.”

அவன் தட்டை அவள் பக்கம் நகர்த்தினான்.

“ஜெயில்னு தெருவுக்கே தெரிஞ்சுபோச்சு. அத நாளடைவில மறந்துடுவாங்க. வலிப்புன்னா மறக்க மாட்டாங்கடா. ரத்தத்திலயே இருக்கும்பாங்க. விழுந்து அடிபட்டு வந்துச்சுன்னு நான் வீடு வீடாப் போய்ச் சொல்ல முடியுமா? சொன்னாத்தான் நம்புவாங்களா? நாளைக்கு இவளக் கேட்டு யாரு இந்த வாசப்படி ஏறுவா? அப்பா இல்லாத பொண்ணுடா.”

பெயிண்டர் பொட்டலத்தைப் பிரித்தான். காகிதத்தின் மடிப்பில் மூன்று பாதிகள் இருந்தன. அக்காவும் பார்த்தாள். அவன் கையைப் பிடித்துக்கொண்டாள். பிடித்தது கீறல் விழுந்த கைதான்.

“இவ கல்யாணம் மட்டும் நல்லபடியா முடியட்டும். மறுநாளே நான் அந்த நடுவத்துக்கு வந்து, என் தம்பிக்கு வலிப்பு இருக்கு, என் ரெண்டு கண்ணால பார்த்தேன்னு கொட்டை எழுத்துல எழுதிக் குடுக்கறேன். சத்தியமா.”

மூடிய கதவுக்குப் பின்னால் மகள் விசும்புவது கேட்டது. பெயிண்டர் மூன்று பாதிகளையும் திரும்ப மடித்து வைத்தான்.

“அவ இப்பதானேக்கா பத்தாவது படிக்கிறா?”

“ஆமாடா” என்றாள் அக்கா. “அதான் சொல்றேன், கொஞ்ச நாள் பொறுத்துக்கோ.”